சீனப் புத்தாண்டு விடுமுறையில் எழுத உட்கார்ந்தால் குற்றப்பட்டியல்தான் வருகிறது

சிங்கப்பூர், தோ பாயோவில் வசிக்கிறேன். சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையில், கழிந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து எழுதிவைக்க நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளாக முடியவில்லை.

ஆசையைத் தொற்றவைத்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. பெருநாளுக்கு முன்பே வீட்டைத் துடைத்து, பாக்கிகளைத் தீர்த்து, முதல் நாள் துடைப்பத்தையே ஒளித்துவைத்துவிடுவார். வந்த அதிர்ஷ்டத்தைப் பெருக்கித் தள்ளிவிடக் கூடாதாம். மனத்துக்கும் அப்படி ஒரு சுத்தம் வேண்டும் என்று தோன்றியது.

2024இல் வாங்கிய நாட்குறிப்பு இரண்டு பக்கத்தோடு நின்றது. 2025இல் கைப்பேசியில் கேள்விகளைத் தட்டி வைத்துப் பதில் எழுதினேன். அலுவலக ஆண்டறிக்கையைப் படிப்பது போலவே இருந்தது. இந்த ஆண்டு பிப்ரவரி 17, விடியற்காலை ஐந்து மணி. கீழே கடைகள் எல்லாம் மூடியிருந்தன, அப்படியொரு அமைதி. செய்த தவறுகள் மட்டும் வரிசைகட்டி வந்தன. பதினோராவதில் பேனாவை மூடினேன். மேசையில் ஆரஞ்சுத் தோல் குவிந்ததுதான் மிச்சம். தியானமும் முயன்றேன், தூங்கிவிட்டேன்.

ஆண்டுதோறும் இப்படி எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தாளில் முதலில் எந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு தொடங்குகிறீர்கள்?