பலாலி – சென்னை: 355 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

நல்லூர்வாசி: அவசரம். அம்மா அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னை போகிறார். இணையத்தில் நேர்த்தூரம் 355 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 27 நிமிடம் என்று காட்டுகிறது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? இறங்கியதும் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

சுன்னாகத்தான்: அடுத்த விமானம் எங்கே, லண்டனுக்கா மதுரைக்கா? இரண்டும் ஒரே டிக்கெட்டா? எதையும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சாத்திரமா பார்ப்பது?

கீரிமலையான்: இந்திய நேரத்துக்கும் நமக்கும் அரை மணி வித்தியாசம். அதுதான் காரணம்.

வடமராட்சி: அது பழைய கதை. 2006 ஏப்ரலில் இருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

கீரிமலையான்: அப்படியானால் எதிர்க்காற்று. வாடை அடிக்கும்போது வடக்கே போவது லேசான காரியமா?

வடமராட்சி: திரும்பி வரும் டிக்கெட்டிலும் ஏறக்குறைய அதே நேரம்தானே இருக்கிறது?

விமானப்பித்தன்: பல தடவை விளக்கிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. 355ஐ 800ஆல் வகுத்தால் 27 நிமிடம். அது ஜெற் விமானத்தின் வேகம். பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். டிக்கெட்டில் இருப்பதோ தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் சென்னையில் தரித்து நிற்பது வரையான நேரம். கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இருந்து சென்னை 640 கிலோமீற்றருக்கு மேல். ஜெற் என்பதால் அதுவும் கிட்டத்தட்ட இதே நேரத்தில் முடிகிறது. இனியாவது காற்றைக் குறை சொல்லாதீர்கள்.

மயிலிட்டி: இத்தனை ஆராய்ச்சி எதற்கு? காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நான்கு மணி நேரத்தில் நாகபட்டினம்.

வடமராட்சி: நாகபட்டினத்தில் இருந்து சென்னைக்கு இன்னும் 300 கிலோமீற்றர் கிடக்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பலே கிடையாது.

மயிலிட்டி: பினாட்டும் (பனம்பழக் கூழைக் காயவைத்தது) மிளகாய்த்தூளும் பொதி செய்துகொண்டு போகிற அம்மாமாருக்குக் கப்பல்தான் வசதி. விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு.

வடமராட்சி: அலையில் வாந்தி எடுத்துக்கொண்டு போவதும் வசதியா?

சுன்னாகத்தான்: கப்பல் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்வாசி, என் கேள்வி அப்படியே நிற்கிறது.

நல்லூர்வாசி: மதுரைக்கு. தனித்தனி டிக்கெட். இடையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

சுன்னாகத்தான்: போதவே போதாது. குடிவரவு வரிசை, பொதி எடுப்பது, சுங்கம், பிறகு உள்நாட்டு முனையத்துக்குப் போய்ப் பொதியைத் திரும்பக் கொடுப்பது. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பொதி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஆகக் கையில் இருப்பது அரை மணி நேரம். தனி டிக்கெட் என்பதால் தவறவிட்டால் கேட்பாரில்லை. மதுரைக்குப் போக ஏன் சென்னை? பலாலியில் இருந்து திருச்சிக்கு 2025 மார்ச்சில் விமானம் தொடங்கியதே, நேர்த்தூரம் 185 கிலோமீற்றர் கூட வராது. திருச்சியில் இருந்து மதுரை பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

விமானப்பித்தன்: அதுவும் ஏ.டி.ஆர்.தான்.

நல்லூர்வாசி: திருச்சிக்கு மாற்றிவிட்டேன். நன்றி.

மயிலிட்டி: பொதிக்கு எத்தனை கிலோ என்று விசாரித்தீர்களா?