பெரியப்பா சொல்வது சரியா: காளைக்கு நிற்கும் மாடு ஊசிக்கு ஏன் நிற்பதில்லை?

கேள்வி (திருத்துறைப்பூண்டி மாட்டுக்காரன்):
வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு. தையிலிருந்து சினை ஊசி (உறைய வைத்த விந்தைக் குச்சி போன்ற குழாயில் கொண்டுவந்து கருப்பைக்குள் விடுவது) போட்டுக்கொண்டிருக்கிறோம், 21 நாளானால் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்துகிறது. பருவத்தில் வழியும் கோழை கண்ணாடி மாதிரி சுத்தமாகத்தான் வருகிறது. பெரியப்பா வைத்திருக்கும் உம்பளச்சேரி நாட்டு மாடுகளோ காளைக்குச் சேர்த்தால் ஒரே தடவையில் நின்றுவிடும். "காளை விந்துல ஒரு சத்து இருக்குடா, அது கருப்பையைப் பதப்படுத்தும், குச்சியில வர்றதுல அது ஏது" என்கிறார். இதில் உண்மை உண்டா?

பதில் 1 (ஒரத்தநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்):
பெரியப்பா பேச்சில் பாதி சரி. எலியில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. விந்து நீரில் உள்ள டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் கருப்பைச் சுவரை உசுப்பி, நோய் எதிர்ப்பு அணுக்களை வரவழைக்கிறது. அவற்றில் ஒரு வகை, பாதி தகப்பன் சாயலோடு வரப்போகும் கருவை அந்நியன் என்று விரட்டாமல் பொறுத்துக்கொள்ள உதவுகிறது. ஒட்டக இனங்களில் இன்னும் வேடிக்கை: விந்து நீரில் இருக்கும் நரம்பு வளர்ச்சிப் புரதம் ரத்தம் வழியாக மூளைக்குச் சேதி அனுப்பி, எல்ஹெச் ஹார்மோனைச் சுரக்க வைத்து முட்டையையே வெளியே தள்ளிவிடும்.

பசு அப்படியில்லை. அதற்குச் சேர்க்கை நடந்தாலும் நடக்காவிட்டாலும், பருவம் அடங்கிச் சுமார் 10, 12 மணி நேரத்தில் முட்டை வந்துவிடும். காளை விந்தை யோனியில்தான் விடுகிறது, அந்த நீரில் கருப்பைக்குள் போவது கொஞ்சம். ஊசியில் 0.25 மில்லி குச்சியை நேரே கருப்பை வாயைத் தாண்டி விடுகிறோம். விந்து நீரைத் தனியாகச் சேர்த்துப் பார்த்த சோதனைகளிலும் மாட்டுக்குப் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் கருப்பைக்குள் இறங்கி, செத்த விந்தணுவையும் கிருமியையும் தின்று தீர்க்கும். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடியிருக்கும்போதுதான் இந்தத் துப்புரவு வேலை சுறுசுறுப்பாக நடக்கும். பருவம் முடிந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறிவிட்டால் கருப்பையின் காவல் தளர்ந்துபோகும். அப்போது குழாயை உள்ளே விட்டால் சீழ் பிடிக்கும். ஆகவே உங்கள் மாட்டுக்கு நான் முதலில் நேரத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

திருத்துறைப்பூண்டி மாட்டுக்காரன்:
ஊசி போடுபவர் வருவதற்குள் எங்களூரில் பொழுது சாய்ந்துவிடும் சார். கத்தல் அடங்கி மறுநாள்கூடப் போட்டிருக்கிறோம்.

பதில் 1 தொடர்ச்சி:
அதுதானே. காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. மறுநாள் வரை தள்ளினால் முட்டை கிழடாகிவிடும். 21 நாளில் சரியாகத் திரும்புகிறது என்றால் கரு பிடிக்கவே இல்லை, அல்லது சீக்கிரமே போய்விட்டது என்று கொள்ளலாம். கரு உயிரோடிருந்தால் 16 நாள் வாக்கில் இன்டர்ஃபெரான் டாவ் என்ற புரதத்தைச் சுரந்து, அடுத்த பருவத்தைத் தடுத்திருக்கும். கோழை சுத்தமாக இருந்தாலும் உள்ளே லேசான அழற்சி இருக்க வாய்ப்புண்டு, ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

பதில் 2 (மன்னார்குடி பால்காரர்):
பெரியப்பா மாடு உம்பளச்சேரி, உங்களது ஜெர்சி கலப்பு, கறக்கிற பாலும் வேறு. காளையை மட்டும் காரணமாக்குவது நியாயமில்லை. ஊரெல்லாம் சுற்றும் காளைக்குச் சேர்த்தால் சினையோடு கருச்சிதைவு நோயும் வரலாம். நாட்டினம்தான் வேண்டுமென்றால் கொருக்கை அரசுப் பண்ணையில் உம்பளச்சேரி வளர்க்கிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள்.