பழைய ராலேயில் 700சி ரிம்மும் ஏழு கியரும்: அளந்து வாங்குவதா, பட்டறையில் விட்டுவிடுவதா?

பின்கட்டு (கானாடுகாத்தான்)

எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் பல ஆண்டுகளாகச் சுவரில் சாய்ந்து கிடந்த அப்பச்சியின் ராலே சைக்கிளைச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக், முழுச் செயின் கவர், டைனமோ எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரிம்கள்தாம் துருவேறி உரிகின்றன. பழைய டயரில் 28 × 1½ என்று இருந்ததால், கடையில் 28 என்று கேட்டு ஒரு டயர் வாங்கினேன். அதில் 700 × 35சி என்றும் 28 என்றும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். அந்த டயர் ரிம்மில் ஏறவில்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது, 28 என்றால் 28தான், லீவர் போட்டு நெம்புங்கள் என்றார் கடைக்காரர். நெம்பியதில் லீவர்தான் வளைந்தது.

இனி அலுமினிய ரிம், ரிம்மின் இரு பக்கத்தையும் இடுக்கிப் பிடிக்கும் காலிப்பர் பிரேக், பின்னால் ஏழு கியர் என்று மொத்தமாக மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒவ்வொன்றையும் அளந்து வாங்க வேண்டுமா, அல்லது மெக்கானிக்கிடம் விட்டுவிட்டால் போதுமா?

அளவுகோல் (காரைக்குடி)

டயரின் பக்கவாட்டில் 37-622 அல்லது 40-635 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். உங்கள் 28 × 1½ என்பது 635. 700சி என்பது 622. இரண்டையும் 28 என்றே அழைப்பதால்தான் இந்தக் குழப்பம். விட்டத்தில் 13 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் ஏறக்குறைய 41 மில்லிமீட்டர் குறையும். உள்ளே கம்பி ஓடும் டயர் அவ்வளவு நீளாது. 26 அங்குலத்திலும் இதே கதைதான்: 26 × 1⅜ என்பது 590, மலைப் பாதை வண்டிகளின் 26 என்பது 559.

அலுமினிய ரிம்முக்கு மாறினால் பிரேக்கையும் மாற்றியாக வேண்டும். கம்பி பிரேக்கின் கட்டைகள் போக்ஸ் கம்பிகள் புறப்படும் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பவை. அதற்கென்றே வளைத்த ரிம் அது. அலுமினிய ரிம்மில் அந்த முகம் கிடையாது, பக்கச் சுவர்தான் உண்டு. காலிப்பர் போடுவதென்றால், 622 ரிம் பழைய இடத்திலிருந்து 6.5 மில்லிமீட்டர் விலகி நிற்பதால், கை நீண்ட காலிப்பராகப் பார்க்க வேண்டும். போக்ஸ் துளைகளையும் எண்ணிப் பாருங்கள்: ஆங்கிலேயர் மரபில் முன்னால் 32, பின்னால் 40. இன்றைய ரிம்கள் பெரும்பாலும் 36 அல்லது 32 துளைகளோடுதான் வருகின்றன. ஆகையால் அளக்காமல் ஒரு திருகைக்கூட வாங்காதீர்கள்.

பழையபட்டறை (தேவகோட்டை)

முப்பது ஆண்டுகள் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல் எல்லாவற்றையும் டேப்பால் அளக்கச் சொல்வது, தொழில் தெரியாதவர்களைப் பயமுறுத்துவதாகும். பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிக்கு லூதியானாவில் செய்த கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, போட்டிருக்கிறேன். அட்லஸ் வண்டியின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, ஹீரோ ரிம்மில் கட்டியிருக்கிறேன். எந்த ஊர்ச் சரக்கும் எந்த வண்டிக்கும் சேர்ந்த காலம் அது. சேராத இடத்தில் அரம் இருந்தது. கிராங்கை அதன் அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள்: புதிய பின் எதுவும் அப்படியே உட்காராது, அதன் சாய்வு முகத்தை அராவி, இரண்டு பெடல்களும் நேர்க்கோட்டில் நிற்கும்வரை பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். அதை எந்த எண் சொல்லிக்கொடுக்கும்?

அளப்பவர்கள் சொல்வதைக் கேட்டால் ரிம்மில் தொடங்கிப் பிரேக், ஹப், கைப்பிடி என்று வண்டி முழுவதும் புதிதாகிவிடும். அப்பச்சியின் பெயரில் ஒரு செயின் கவர்தான் மிஞ்சும். தம்பி, 635இலேயே இரும்பு ரிம் வாங்கிப் பழைய ஹப்பில் கட்டி, கோட்டம் எடுத்து ஓட்டுங்கள்.

ஊருணிக்கரை (புதுவயல்)

கியர் வண்டி வைத்திருப்பவன் என்பதால் ஒரு வார்த்தை. எட்டுக் கியர் வண்டியான என்னுடையதற்குக் கடையில் ஒற்றைப் பல்சக்கர வண்டியின் செயினை மாட்டிவிட்டார்கள். செயின் கண்களின் இடைவெளி எல்லா வண்டிக்கும் அரை அங்குலம்தான் என்பதால் அது பல்லில் அழகாக உட்கார்ந்தது. அகலம் ஒத்துவராததால் பக்கத்துச் சக்கரத்தில் உரசிக்கொண்டே பிள்ளையார்பட்டிவரை வந்தது. சேர்வது வேறு, ஓடுவது வேறு. மற்றபடி, ஊருணிக் கரையைத் தவிர மேடே இல்லாத இந்த வட்டாரத்தில் ஏழு கியரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அளவுகோல் (காரைக்குடி)

காட்டர் பின் விஷயத்தில் பழையபட்டறை ஐயா சொல்வது முழுக்கச் சரி; அது அராவிப் பொருத்துவதற்கென்றே செய்த பாகம். 635 ரிம் யோசனையும் நான் சொன்னதைவிட நல்லது. ஆனால் அரம் பேசுகிற இடமும் உண்டு, பேசக் கூடாத இடமும் உண்டு. மரையை அராவ முடியாது. எந்த ஊர்ச் சரக்கும் எந்த வண்டிக்கும் சேரும் என்று ஐயா சொன்னாரே, கேட்டவரின் வண்டி ராலே என்பதைக் கவனிக்கவில்லையா? அடிச்சட்டத்தில் கிராங்க் அச்சைத் தாங்கும் கப்புகளுக்குப் பொதுவான மரை அங்குலத்துக்கு 24 சுற்று. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த ராலே கம்பெனி தன் சாதாரண வண்டிகளுக்கு 26 சுற்று மரையை வைத்துக்கொண்டது. விட்டம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 24 சுற்றுக் கப்பை அதில் திருகினால் ஒன்றிரண்டு சுற்று எளிதாகப் போகும், பிறகு இறுகும். இறுகியது நல்ல பிடிப்பு என்று நினைத்து ஸ்பானரில் பலத்தைக் காட்டினால், கெடுவது கப்பு மட்டுமன்று, ஃபிரேமின் மரையும் போய்விடும்.

பின்கட்டு, இடப்பக்கக் கப்பை மட்டும் கழற்றுங்கள். அது வழக்கம்போல் இடமாகச் சுற்றினால் வரும். வலப்பக்கத்துக் கப்புக்கு எதிர்மரை, அதைத் தொட வேண்டாம். கழற்றிய கப்பின் மரைமேல் ஸ்கேலை வைத்து, அரை அங்குலத்துக்குள் எத்தனை முகடு என்று எண்ணுங்கள். 12 என்றால் கடைச் சரக்கு போதும். 13 என்றால் போதாது.

பழையபட்டறை (தேவகோட்டை)

உண்மையைச் சொல்கிறேன். பாதி ஏறி நின்றுபோன கப்புகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மட்டச் சரக்கு என்று சொல்லி, வாங்கிய கடையில் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவை ராலே வண்டிகளா என்பது இப்போது நினைவில் இல்லை, ஆனால் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த ஒன்றில் அளவுகோல் தம்பி பேச்சை ஏற்கிறேன்.

கியர் விஷயத்தில் ஏற்கமாட்டேன். ஏழு பல்சக்கரம் கொண்ட ஹப் பழைய ஹப்பைவிட அகலம். அதற்காகப் பின்சட்டத்தை விரிக்க வேண்டும். இரும்பு விரியும், நானே விரித்திருக்கிறேன், ஆனால் இரு புறமும் சமமாக விரியவில்லை என்றால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் ஓடாது. முழுச் செயின் கவரையும் கழற்றி எறிய வேண்டும்.

அளவுகோல் (காரைக்குடி)

அதை நானும் மறுக்கவில்லை. கியர் வேண்டியே தீரும் என்றால், ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் வைத்த ஸ்டர்மி ஆர்ச்சர் இருக்கிறது; 1936இல் வந்த ஏ.டபிள்யூ மாதிரி இந்த வகை வண்டிகளுக்கென்றே ஓடியது, 40 துளையிலும் கிடைத்தது. ஒரே பல்சக்கரம் என்பதால் செயின் கவரும் தங்கும். பழைய ஹப் கையில் கிடைத்தால் வாங்கும் முன் துளைகளை எண்ணுங்கள், அச்சின் நீளத்தையும் பாருங்கள்.

பின்கட்டு (கானாடுகாத்தான்)

இன்று காலையில் இடப்பக்கக் கப்பைக் கழற்றினேன். அரை அங்குலத்துக்கு 13 முகடு. நம்பாமல் மூன்று முறை எண்ணினேன், வீட்டில் ஆச்சியையும் எண்ணச் சொன்னேன். பின் ஹப்பில் 40 துளை, முன்னால் 32. ஆகவே 635 இரும்பு ரிம், பழைய ஹப், பழைய கம்பி பிரேக் என்று முடிவு செய்துவிட்டேன். ஏழு கியர் யோசனையைக் கைவிட்டேன்; மூன்று கியர் ஹப் கிடைத்தால் பார்க்கலாம். கப்பில் குண்டு ஓடும் தடத்தில் லேசான பள்ளம் தெரிகிறது. அதற்கு என்ன செய்வது?

பழையபட்டறை (தேவகோட்டை)

லேசான பள்ளம் என்றால் கப்பைத் தூக்கி எறியாதீர்கள் தம்பி, அது இனி எளிதில் கிடைக்காது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, புதிய கால் அங்குலக் குண்டுகளைப் பக்கத்துக்குப் 11 வீதம் போட்டு, கிரீஸ் தாராளமாக வைத்துப் பூட்டுங்கள். பழைய குண்டுகளையும் புதியவற்றையும் கலந்து போட வேண்டாம். காட்டர் பின்னை அராவ வேண்டிய நாளில் சொல்லுங்கள், நான் அரத்தோடு வருகிறேன். அளவுகோல் தம்பி விரும்பினால் ஸ்கேலோடு வரட்டும்.