ஞாயிறு ஏரிப் பயணம்: எத்தனை மணிக்குப் புறப்படுவது?

தம்பி: மாமா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கீழே உள்ள இரண்டு ஏரிகளும் கருநீலமாக இருக்க, உச்சியில் இருக்கும் மூன்றாவது ஏரி மட்டும் பால் கலந்த பச்சைநீலத்தில் இருக்கிறது. ஃபில்டர் போட்டு எடுத்த படமா?

மாமா: இல்லை மாப்பிள்ளை, அதன் நிறமே அதுதான். மூன்றாவது ஏரிக்கு மேலே பனியாறு ஒன்று இருக்கிறது. அது நகரும்போது அடிப்பாறையை மாவாக அரைக்கிறது. உருகும் நீரோடு இறங்கும் அந்தப் பாறை மாவு ஏரியில் மிதந்து நிற்பதால்தான், வெயில் பட்டதும் நீலமும் பச்சையும் சிதறித் தெரிகின்றன. மாவின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடுவதால், கீழே உள்ள ஏரிகளுக்குத் தெளிந்த நீரே வந்து சேருகிறது. கனடாவின் பேட்டோ ஏரி அந்த நிறத்தில் இருப்பதற்கும் பாறை மாவுதான் காரணம்.

தம்பி: வெயில் பட்டால்தான் நிறம் தெரியும் என்றால், உச்சி வெயிலில் போய்ச் சேருவதுதானே முறை? மாமா சொன்ன ஐந்தரை மணிக்குப் பதிலாக, காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

சித்தி: எனக்கும் எட்டு மணிதான் வசதி, அண்ணா. விடுமுறை நாளில் சின்னவளை நாலரை மணிக்கு எழுப்புவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

மாமா: கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். சமவெளியில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இரண்டாவது ஏரி 6 கிலோமீட்டர் தொலைவில், 600 மீட்டர் ஏற்றத்தில் இருக்கிறது. அவர் கணக்கில் இது இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடியும். பிள்ளையோடு உட்கார்ந்து உட்கார்ந்து போகும் நமக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து மூன்றாவது ஏரிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான் என்றாலும் 300 மீட்டர் ஏற வேண்டும், அதுவும் பெரிய பாறைகளின் மேல் கால் வைத்துத் தாவித் தாவி. எட்டு மணிக்குக் கிளம்பினால் அங்கே போய்ச் சேர ஒரு மணி ஆகிவிடும். கோடையில் பள்ளத்தாக்கின் காற்று வெயிலில் சூடேறி மேலெழுந்து, மேகமாகத் திரண்டு, மலையில் இடிமின்னலாக இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அந்த ஏரியைச் சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது. நிற்பவற்றில் உயரமானவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

அக்கா: ஓடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாமா. முதல் ஏரிக்குக் கீழே பாலம் இல்லாத ஓடை ஒன்றை வரைபடம் காட்டுகிறது. இரவுக் குளிரில் பனி உருகுவது குறைவதால், காலையில் கணுக்கால் அளவே ஓடும் ஓடை, பிற்பகலில் முழங்காலைத் தாண்டக்கூடும். போகும்போது எளிதாகத் தாண்டியதை வரும்போது தாண்ட முடியாமல் போவது அப்படித்தான்.

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சித்தி: எட்டு மணி என்று எழுதியதை அழித்துப் பயனில்லை, நான் படித்துவிட்டேன். சரி அண்ணா, ஐந்தரை மணிக்கே நடக்கத் தொடங்குவோம்.

மாமா: நல்லது. பத்தரை மணிக்கு மேலே இருப்போம். கோடையில் அந்நேரத்துக்கே சூரியன் போதுமான உயரத்தில் இருப்பதால் நிறத்துக்கும் குறைவிராது. எங்கே இருந்தாலும், மூன்றாவது ஏரி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தாலும், பதினொரு மணி ஆனதும் திரும்பிவிட வேண்டும். இதை அங்கே போய் விவாதிக்கக் கூடாது என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பி: சம்மதம். ஆனால் ஏரியில் ஒரு முங்கு போடலாமா?

அக்கா: வேண்டாம். பனி உருகிய நீரில் சட்டென்று குதித்தால், முதல் ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது; திணறும்போது தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டால் நீச்சல் தெரிந்தவனும் மூழ்கிவிடுவான். கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள். குடிக்கும் நீரையும் ஃபில்டரில் வடிகட்டிய பிறகே குடிக்க வேண்டும். தெளிவாக இருக்கிறது என்பதற்காக அதில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது.

சித்தி: சின்னவளுக்கு ஸ்வெட்டர் தேவைப்படுமா?

மாமா: கட்டாயம். வண்டி நிற்கும் இடம் 2400 மீட்டர், உச்சி ஏரி 3300 மீட்டர். மேலே ஏறத்தாழ ஆறு டிகிரி குறைவாக இருக்கும், காற்று வேறு. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அவள் தலைவலி என்றோ குமட்டல் என்றோ சொன்னால், நாம் எல்லோருமே கீழே இறங்கிவிடுவோம்.

அத்தை: நான் வரவில்லை என்பதால் ஒன்று கேட்டு வைக்கிறேன். மேலே சிக்னல் இருக்காது என்கிறீர்கள். எத்தனை மணி வரை நான் பொறுத்திருக்க வேண்டும்?

மாமா: மூன்று மணிக்குள் வண்டிக்கு வந்துவிடுவோம். ஐந்து மணி வரை செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவை அழைத்துவிடு.

அத்தை: அப்படியே செய்கிறேன். அவர்களுடைய எண்ணையும், போகும் பாதையின் வரைபடத்தையும் இன்றே இங்கே போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உங்களுக்கு ஞாபகம் இருக்காது.