சொத்தை இல்லாத பல்லுக்கு சீலன்ட் தேவையா?

மஞ்சக்குப்பம்_அம்மா:
பெரியவளுக்கு ஒன்பது வயதிலேயே கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்ய வேண்டியதாகிவிட்டது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நானும் மாமியாரும் விட்டுவிட்டோம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் அது நிலைப்பல் என்று தெரிந்தது. ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது சின்னவனுக்கு ஆறரை வயது. அவனுக்கும் அதே இடத்தில் புதுப் பல் வந்திருக்கிறது. மேலே ஆழமான கோடுகள், நேற்று தின்ற கடலை மிட்டாய் இன்னும் உள்ளே ஒட்டியிருந்தது. பள்ளி முகாமுக்கு வந்த டாக்டர் அந்தக் கோடுகளை அடைக்கும் சீலன்ட் பூச்சு போடச் சொல்கிறார். நல்ல பல்லில் எதற்குக் கை வைக்கணும் என்கிறார் வீட்டுக்காரர். உண்மையிலேயே பலன் உண்டா?

கோரிமேடு_பல்_டாக்டர்:
அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. இந்தப் பல் முளைக்க எந்தப் பால் பல்லும் விழாது, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிடும். வாரம் தவறாமல் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும்.

சீலன்டுக்குப் பல்லைக் குடைய மாட்டார்கள், ஊசியும் கிடையாது. சுத்தம் செய்து, ஜெல் தடவிக் கழுவி, காயவைத்து, பிசினைக் கோடுகளில் விட்டு நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். பிரஷ்ஷின் நார் நுழையாத இடத்தை அது அடைத்துவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்த ஆய்வுகளில், பிசின் சீலன்ட் போட்ட நிலைக் கடைவாய்ப் பற்களில் இரண்டு ஆண்டுகளில் சொத்தை 11 முதல் 51 சதவீதம் வரை குறைந்திருந்தது. தயங்காமல் போடுங்கள். உங்களுக்குச் சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரியும் பக்கம்தான்.

ஆனால் இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் சொத்தையை சீலன்ட் தடுக்காது. அதற்கு ஃபுளோரைடு பேஸ்ட்தான். அட்டையில் ஃபுளோரைடு அளவு 1000 பிபிஎம் (ppm) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பட்டாணி அளவு வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். அப்புறம் நுரையைத் துப்பினால் போதும். செம்பு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

பாதிரிப்புலியூர்_அப்பா:
என் மகளுக்குப் போட்டேன். எச்சில் பட்டதால் ஒன்று சில மாதங்களில் பெயர்ந்துவிட்டது, மறுபடி போட்டார்கள். போட்டதோடு விடாமல் அவ்வப்போது காட்டுங்கள்.

மஞ்சக்குப்பம்_அம்மா:
ரொம்ப நன்றி டாக்டர். இப்போதுதான் பேஸ்ட் அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். மூலிகைப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, ஃபுளோரைடு மட்டும் இல்லை. பெரியவளும் இதில்தான் தேய்த்தாள். உங்கள் பதிலைப் படித்துக் காட்டியதும் வீட்டுக்காரரே சனிக்கிழமை லீவு போடுகிறேன் என்றுவிட்டார். இரண்டு பேரையும் கூட்டிப் போகிறோம்.