மழைக்காலத்தில் வழுதலை (கத்தரி) நாற்று அழுகுது, வழி சொல்லுங்க

சந்தையில் விற்க நாட்டு வழுதலை, காந்தாரி மிளகாய் நாற்றுகளை 98 குழித் தட்டில் போடுகிறோம். கலவை: மட்கிய தென்னைநார்க் கழிவு 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை).

மழை பிடித்தால் இரண்டிலைப் பருவத்திலேயே தண்டின் அடி நீர்கோத்துச் சுருங்கி வழுதலை சாய்கிறது. காலையில் மட்டும் தண்ணீர் தெளித்தாலும் குழி காய்வதில்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம்தான். போட்ட டிரைக்கோடெர்மாவையும் அது கெடுக்குமோ என்று மனசில்லை.

50 சதவீத நிழல்வலைக்கு மேல் பாலித்தீன் கூரையும் போட்டால் வெளிச்சம் போதாமல் நாற்று நெடுநெடுவென்று மெலிகிறது. வலையை எடுத்துவிட்டு கூரையை மட்டும் வைத்தவர்கள் குமரி மாவட்டத்தில் இருக்கிறீர்களா? கலவையில் ஆற்றுமணல் எத்தனை பங்கு சேர்த்தீர்கள்? தட்டைத் தரையிலா, கம்பிவலை மேடையிலா வைத்தீர்கள்?