புதுப்பிப்பு: புல்லைத் துப்பிய குதிரை

போன மாதம் எழுதியிருந்தேனே, குதிரைப் பல் வேலை பழகிய எனக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்த முதல் குதிரையைப் பற்றி. கோப்பாயில் ஓர் அண்ணை வளர்க்கிறார். புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறது, மெலிகிறது, வயசோ என்று கேட்டிருந்தார்.

வயசில்லை, பல்தான். மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டதும் வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி டோர்ச் அடித்தேன். மேல் கொடுப்புப் பற்களின் வெளியோரம் கத்திபோல. கன்னத்தின் உட்புறம் புண். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். பல்லும் வருசத்துக்கு 2-3 மில்லிமீற்றர் வெளியே வந்துகொண்டே இருக்கும். தேயாத ஓரம் கூராகிவிடும். நீளப்பிடி அரத்தால் முக்கால் மணித்தியாலம் ராவினேன். அந்தப் பல்தூள் மணம் சட்டையை விட்டுப் போகவே இல்லை.

"நெடுந்தீவுக் குதிரையளுக்கு ஆர் தம்பி பல்லு ராவுறது?" என்றார் அண்ணை. நியாயமான கேள்வி. நெடுந்தீவில் காட்டுக் குதிரைகளாய்த் திரிகிற அவை நாள் முழுக்க முரட்டுப் புல் மேய்கின்றன. இது தவிடும் புண்ணாக்கும் தின்று நிற்கிறது. அரைக்கிற வேலை குறைவு.

பத்து நாளாகிறது. துப்புவது நின்றுவிட்டது. கூலியோடு ஒரு பை முருங்கைக்காயும் கிடைத்தது. ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அடுத்த குதிரைதான் இன்னும் அகப்படவில்லை.